‘ர்’ எடுத்தால் லத்தீன் இல்லை

தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் அதன் கரை நிலங்களையும் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பட்டையின் கதையை மாற்றிய அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான தீர்ப்பு அது. மனு தாக்கலானது அரசியலமைப்பின் 32ஆவது பிரிவின்கீழ். அந்தப் பிரிவு ஐந்து பேராணைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றில் இரண்டு லத்தீன் வினைச்சொற்கள்: மாண்டமஸ், செர்ஷியோராரி. கோர்ட் வராண்டாவில் தினமும் புழங்கும் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், லத்தீன் கற்கும் மாணவரை முதல் வருடத்திலேயே தடுக்கி விழவைக்கும் பள்ளம் தெரியும்.

மாண்டமஸ் என்றால் ‘கட்டளையிடுகிறோம்’. சிக்கல் இல்லாத செய்வினை, ஒழுங்கு வினை. செர்ஷியோராரி என்றால் ‘தெரிவிக்கப்பட’, செயப்பாட்டுவினை. அதன் ‘ஆரி’ என்ற ஈறுதான் செயப்பாட்டைக் காட்டுகிறது. ஆனால் ‘ஹோர்த்தாரி’ என்றொரு சொல்லும் லத்தீனில் உண்டு. அதே ‘ஆரி’. அதன் பொருளோ ‘ஊக்கப்படுத்தப்பட’ அல்ல, ‘ஊக்கப்படுத்த’. உடை செயப்பாட்டுக்குரியது, உள்ளே இருப்பவர் செய்பவர். இப்படிப்பட்ட வினைகளை லத்தீன் இலக்கணம் டெபோனன்ட் என்கிறது. (அஃபிடவிட்டின் அடியில் கையெழுத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கும் ‘டெபோனன்ட்’டும் இதே அடியில் பிறந்ததுதான். உறவு அத்தோடு சரி.)

லத்தீன் பாடப் புத்தகங்களைப் புரட்டும் மாணவர் வழக்கமாக மனத்தில் மூன்று பெட்டிகளை அமைத்துக்கொள்கிறார்: ஒழுங்கு வினை, ஒழுங்கற்ற வினை, டெபோனன்ட். புதிய வினை வந்ததும் எந்தப் பெட்டி என்று கேட்கிறார். கேள்வியே கோணல். ஒழுங்கா ஒழுங்கற்றதா என்பது வடிவத்தைப் பற்றியது: வினையடியிலிருந்து மற்ற உருவங்களை விதிப்படி ஊகிக்க முடியுமா? டெபோனன்டா இல்லையா என்பது வடிவத்துக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றியது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒரு வினை டெபோனன்டாகவும் முழு ஒழுங்காகவும் இருக்கலாம். பெரும்பாலான டெபோனன்ட்கள் அப்படித்தான் இருக்கின்றன.

லத்தீனின் ஒழுங்கு வினைகள் நான்கு வாய்பாடுகளுக்குள் அடங்குபவை. செயலெச்சத்தின் ஈறு எது என்று பார்த்தால் போதும்: அமாரே (நேசிக்க), மொனேரே (எச்சரிக்க), நெடில் குன்றிய எகரத்தோடு ரெகெரே (ஆள), ஔதீரே (கேட்க). டெபோனன்ட்களும் இதே நான்கு வரிசைகளில் சாதுவாக உட்கார்கின்றன. ஹோர்த்தோர் (ஊக்குகிறேன்) முதல் வரிசை, வெரெயோர் (அஞ்சுகிறேன்) இரண்டாவது, செக்குவோர் (பின்தொடர்கிறேன்) மூன்றாவது, மெந்தியோர் (பொய் சொல்கிறேன்) நான்காவது. விதியைக் கற்றவர் இவற்றின் எல்லா உருவங்களையும் தானே கட்டிவிடலாம்.

உண்மையில் ஒழுங்கற்றவை கைவிரல்களில் அடங்கும். ‘இரு’ என்னும் பொருள்தரும் சும், ‘முடியும்’ என்னும் போஸ்ஸும், ‘போ’ என்னும் எயோ, ‘விரும்பு’ என்னும் வோலோவும் அதன் இரண்டு உடன்பிறப்புகளும், ‘ஆகு’ என்னும் ஃபீயோ, ‘சும’ என்னும் ஃபெரோ. கடைசியாகச் சொன்னது ஓர் அதிசயம். சுமக்கிறேன் என்பதற்கு ஃபெரோ, சுமந்தேன் என்பதற்கு துலி, சுமக்கப்பட்டது என்பதற்கு லாத்தும். மூன்றையும் ஒரே வினை என்று நம்ப மனம் வராது. தமிழில் வா, தா, சா மூன்றும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்: வருகிறான், வந்தான், சாகிறான், செத்தான். ஆனாலும் முதலெழுத்தாவது ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

டெபோனன்டை அடையாளம் காண்பதற்கு 4ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் பாடம் நடத்திய தொனாத்துஸ் ஒரு சோதனை வைத்திருந்தார். பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோமின் ஆசிரியர் அவர். சோதனை இதுதான்: வினையின் இறுதியில் உள்ள ‘ர்’ எழுத்தை எடுத்துப் பார். அமோர் (நேசிக்கப்படுகிறேன்) என்பதில் ‘ர்’ போனால் அமோ (நேசிக்கிறேன்) மிஞ்சும். அது நல்ல லத்தீன். ஆகவே அமோர் அசல் செயப்பாட்டு. லொக்குவோர் (பேசுகிறேன்) என்பதில் ‘ர்’ போனால் மிஞ்சுவது லொக்குவோ. அப்படியொரு சொல் லத்தீனில் இல்லை. ஆகவே லொக்குவோர் டெபோனன்ட். செர்ஷியோராரிக்கு ‘தெரிவி’ என்னும் செய்வினை உருவம் உண்டு, ஹோர்த்தாரிக்கு இல்லை. வழக்கறிஞர் எந்தப் பக்கம் நின்றாலும் இந்தத் தீர்ப்பு மாறாது.

சோதனை எளிது, ஆனால் கண்ணால் பார்த்து நடத்த முடியாது. லொக்குவோ என்ற சொல் இல்லை என்பது மொழியை அறிந்தவருக்குத்தான் தெரியும். ஆகவேதான் லத்தீன் அகராதிகள் வினையைத் தன்மை ஒருமை நிகழ்கால உருவத்தில் தலைச்சொல்லாக வைக்கின்றன. தலைச்சொல்லே ‘ஓர்’ என்று முடிந்தால் டெபோனன்ட், விவாதம் இல்லை. வரியின் நடுவில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு அகராதிக்குப் போகாமல் வகை சொல்பவர் குருட்டாம்போக்கில் சொல்கிறார்.

அதிலும் சில உருவங்கள் வேண்டுமென்றே ஏமாற்றுவதுபோல் இருக்கும். ஔதெயோ (துணிகிறேன்) நிகழ்காலத்தில் யோக்கியமான செய்வினை. இறந்தகாலத்துக்குப் போனதும் செயப்பாட்டு உடைக்கு மாறி ஔசுஸ் சும் என்று நிற்கும். பாதி டெபோனன்ட். வாபுலோ நேர்மாறு: பார்த்தால் செய்வினை, பொருளோ ‘அடிவாங்குகிறேன்’. தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்ட காலத்திலிருந்து இந்த வட்டாரத்துக்கு அறிமுகமான செடியின் தாவரவியல் பெயர் இன்னொரு வேடிக்கை. காசியா ஔரிக்குலாட்டா, இப்போது சென்னா ஔரிக்குலாட்டா. ‘ஆட்டா’ என்பது செயப்பாட்டு எச்சத்தின் ஈறு. ஆனால் ‘காது வைக்கப்பட்ட’ என்று பொருள்கொள்ள அங்கே வினையே கிடையாது. காது போன்ற உறுப்புடையது என்பதுதான் பொருள். ஈறு மட்டும் வினைக்குரியது.

வேலூரில் கோர்ட்டுக்கு அடுத்தபடியாக லத்தீன் புழங்கிய இடம் மருத்துவமனை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி இன்று நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை ஈர்க்கிறது. மருந்துச் சீட்டின் தலையில் ஆர்எக்ஸ் என்று போடும் குறி ‘ரெசிபே’ என்ற ஏவலின் சுருக்கம்: ‘எடுத்துக்கொள்’. ஒழுங்கு வினை, மூன்றாம் வாய்பாட்டின் ஒரு கிளை. மாத்திரையின் எதிரே எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால் ‘ஸி ஓபுஸ் ஸிட்’, அதாவது ‘தேவை இருந்தால்’. அந்த ‘ஸிட்’, ஒழுங்கற்ற சும் என்ற வினையின் உருவம். டி.டி.எஸ். என்பதன் கடைசிச் சொல்லான சூமெந்தும் (‘எடுக்கப்பட வேண்டியது’) அந்தச் சும் அல்ல. அது சூமோ என்ற ஒழுங்கு வினை. இனி டெபோனன்ட் எங்கே? சீட்டைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்கிறது. பேஷண்ட் என்ற சொல்லின் மூலம் பத்தியோர், ‘வேதனை அனுபவிக்கிறேன்’. இது லத்தீனின் பெயர்பெற்ற டெபோனன்ட்களில் ஒன்று. இதில் ஒரு நுணுக்கம்: டெபோனன்ட்களின் நிகழ்கால எச்சம் செயப்பாட்டு உடையைப் போடுவதில்லை, பத்தியென்ஸ் என்று செய்வினை உடையிலேயே வரும். எனவே அந்த ஒற்றைச் சொல்லை வைத்து யாரும் டெபோனன்டைப் பிடிக்க முடியாது.

பிடிக்க வேண்டுமென்றால் கோவிலுக்குப் போக வேண்டும். வேலூர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1952இல் உருவானபோது பூசை லத்தீனில்தான் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டு ஆவணத்தை ஏற்ற பிறகே தமிழ் பீடத்துக்கு ஏறியது. அந்தப் பழைய பூசை டெபோனன்ட்களின் களஞ்சியம். தொடக்கத்துப் பாவ அறிக்கையின் முதல் சொல்லான கொன்ஃபித்தெயோர் (அறிக்கையிடுகிறேன்) டெபோனன்ட். ‘இரங்கும்’ என்று மன்றாடும் மிசெரேரேயும் அதே. இது ஏவல், ஆனால் பார்வைக்கு மொனேரே போன்ற செயலெச்சமாகத் தெரியும். டெபோனன்டின் ஏவல் செய்வினையின் செயலெச்சத்தைப் போலவே ஒலிப்பதால் நேரும் குழப்பம் இது.

விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவின் முடிவைச் சொல்லும் இடம் இன்னும் சுவையானது. நான்கு எச்சங்கள் அடுத்தடுத்து வருகின்றன: பாஸ்ஸுஸ், க்ரூசிஃபிக்ஸுஸ், மோர்த்துவுஸ், செபுல்துஸ். நான்கும் ஒரே ஈறு, ஒரே வார்ப்பு. லத்தீன் அறியாதவர் நான்கையும் செயப்பாட்டு என்றே கொள்வார். ஆனால் முதலாவதும் மூன்றாவதும் டெபோனன்ட். இரண்டாவதும் நான்காவதும் அசல் செயப்பாட்டு. தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் பழகிய சொற்கள் இந்த மாற்றத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கின்றன. பாடுபட்டு, இறந்து ஆகியவை செய்வினையெச்சங்கள். அறையுண்டு, அடக்கம் செய்யப்பட்டு ஆகியவை செயப்பாட்டு. லத்தீன் மறைத்ததைத் தமிழ் விரித்துவிட்டது. அதோடு, இறந்தகாலத்தில் செய்வினை எச்சம் ஒன்றை உருவாக்கச் சாதாரண லத்தீன் வினைக்கு வழியே இல்லை. டெபோனன்டுக்கு மட்டுமே அந்த வசதி. நம்முடைய ‘செய்து’ எச்சம் அன்றாடம் செய்யும் வேலை அவர்களுக்கு அபூர்வம்.

ஆனால் ‘பாடுபட்டு’ என்பதில் ‘படு’ இருக்கிறதே! செயப்பாட்டுக்குரியதென்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த அதே படு.

இந்தப் படுவை லத்தீன் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் பார்த்தவர்கள் பாதிரிமார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு எழுதிய ‘கிராமாட்டிக்கா தமுலிக்கா’ 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. தமிழ் இலக்கணம், விளக்கம் முழுக்க லத்தீன். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு 1728இல் எழுதிய லத்தீன் இலக்கணம் பத்து வருடம் கழித்து அதே தரங்கம்பாடியில் அச்சேறியது. லுத்தரன் அச்சகத்தில் ஏசுசபைக்காரரின் நூல். இருதரப்பும் சமயச் சண்டையில் கட்டிப்புரண்டவர்கள் என்பதை நினைத்தால் இலக்கணத்துக்கு அன்று இருந்த மரியாதை புரியும். 1856இல் கால்டுவெல் ஒரு படி மேலே போனார். திராவிட மொழிகளுக்கு இயல்பான செயப்பாட்டு உருவமே கிடையாது, படு சேர்ப்பது ஒட்டுவேலை, பேச்சில் ‘உடைந்தது’ போன்ற தன்வினைகளே அந்த இடத்தை நிரப்புகின்றன என்பது அவர் வாதம்.

அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்பதற்குத் தோல் தொழிலைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தோல் நனைகிறது, தோலை நனைக்கிறான். உரிகிறது, உரிக்கிறான். தேய்கிறது, தேய்க்கிறான். மடிகிறது, மடிக்கிறான். கிழிகிறது, கிழிக்கிறான். வினையடி ஒன்றே. ‘கிறு’ வந்தால் தோல் எழுவாய். ‘க்கிறு’ வந்தால் தொழிலாளி எழுவாய். லத்தீன் சொல்லின் வாலில் செய்யும் வேலையைத் தமிழ் நடுவில் ஓர் ஒற்றைக் கொண்டு முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதிய இலக்கணக்காரர்கள் இவற்றை மெல்வினை, வல்வினை என்று பிரித்தார்கள். ஆர்டன் 1891இல் வெளியிட்ட பாடநூலில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–1936) ஒவ்வொரு வினைக்கும் எண் போட்டு வகுத்தது: செய் என்றால் 1, அறி என்றால் 4, நட என்றால் 12.

ஒற்றை நம்பினால் மோசம்போகவும் வாய்ப்புண்டு. பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் அளக்கிறார்கள். அளக்கிறான் என்பதில் ‘க்கிறு’ இருக்கிறது, சரி. இறந்தகாலத்தில் அளந்தான் என்று ‘உரிந்தது’ போல நிற்கிறது. நடக்கிறான், நடந்தான் என்பதற்கும் அதே வார்ப்பு. ஆனால் நடப்பவன் எதையும் நடப்பதில்லை, அளப்பவனுக்கோ செயப்படுபொருள் வேண்டும். ஆர்டன் இவற்றை இடைவினை என்று தனியே ஒதுக்கினார். கு. பரமசிவம் 1979இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு இந்த இணைகளை வேறு கோணத்தில் பார்த்தது: செயப்படுபொருள் உண்டா என்று கேட்பதைவிட, எழுவாய் வினையின் விளைவைத் தானே ஏற்கிறதா, வேறொன்றின்மேல் செலுத்துகிறதா என்று கேட்பதே பொருத்தம் என்றார். லத்தீன் டெபோனன்ட்களின் பட்டியலுக்கும் இந்தக் கேள்வி கச்சிதமாகப் பொருந்துகிறது. பிறத்தல், இறத்தல், அஞ்சுதல், சினத்தல், இரங்குதல், வேதனைப்படுதல்: செய்பவரே பாதிக்கப்படும் செயல்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. வடமொழியின் ஆத்மனேபதமும் அதே குடும்பத்துப் பழைய சொத்து. மொரியோர் (இறக்கிறேன்) என்ற டெபோனன்டும் ம்ரியதே என்ற ஆத்மனேபத வினையும் ஒரே வேரில் கிளைத்தவை. என்றாலும் பின்தொடர்தல், பேசுதல், பொய் சொல்லுதல் போன்றவற்றுக்கு இந்த விளக்கத்தை இழுத்துப் பொருத்துவது கஷ்டம். அவை டெபோனன்ட் என்று மனப்பாடம் செய்வதே உத்தமம்.

தொல்காப்பியர் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறார். செய்யப்பட்ட பொருளை அதுவே செய்ததுபோலச் சொல்வதும் வழக்கே என்று வினையியலில் விதி வகுத்தார். ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர்கள் தரும் உதாரணம். திண்ணை எதையும் மெழுகவில்லை, அது மெழுகப்பட்டது. உடை செய்வினை, பொருள் செயப்பாட்டு, லத்தீனின் வாபுலோ. ஆம்பூர்க் கடையில் “பிரியாணி பண்ணியிருக்கு” என்று சொல்பவர் தொல்காப்பியர் காட்டிய வழியில்தான் பேசுகிறார்.

இனிப் படுவுக்கு வருவோம். செயலெச்சத்தோடு சேர்ந்த படு செயப்பாட்டு: அடிக்கப்பட்டான், எழுதப்பட்டது. பெயர்ச்சொல்லோடு சேர்ந்த படு பெரும்பாலும் அப்படியில்லை: பயப்பட்டான், கோபப்பட்டான், ஆசைப்பட்டான், இரக்கப்பட்டான், பாடுபட்டான். பட்டியல் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறது. வெரெயோர், மிசெரெயோர், பத்தியோர்: அஞ்சு, இரங்கு, வேதனைப்படு. லத்தீன் எந்த உணர்ச்சிகளுக்குச் செயப்பாட்டு உடை தைத்ததோ, ஏறத்தாழ அதே உணர்ச்சிகளுக்குத் தமிழும் படுவைக் கொடுத்திருக்கிறது. இரண்டுக்கும் உறவோ கடனோ கிடையாது.

பெயர், செயலெச்சம் என்ற வேறுபாடும் முழுக் காவல் அல்ல. அடிபட்டான், பிடிபட்டான், மிதிபட்டான் என்பவற்றில் முன்னால் நிற்பது பெயர்தான், பொருள் செயப்பாட்டு. இங்கே தொனாத்துஸின் சோதனையைக் கொஞ்சம் மாற்றிக் கையாளலாம். படுவை எடுத்துவிட்டு, அதே பொருளுள்ள நேர்வினையைப் போட்டு, எழுவாய் யார் என்று பார்க்க வேண்டும். பயப்பட்டான், பயந்தான்: இரண்டிலும் ஒரே ஆள். வருத்தப்பட்டான், வருந்தினான்: ஒரே ஆள். பிடிபட்டான், பிடித்தான்: ஆள் மாறிவிட்டார், முன்னவர் திருடர், பின்னவர் போலீஸ். ஆள் மாறினால் செயப்பாட்டு. மாறாவிட்டால் நம்மூர் டெபோனன்ட். பாடுபட்டான் என்பதற்கு நேர்வினையே கிடைக்காது. லொக்குவோவைத் தேடிய கதைதான்.

ஒப்புமை முழுதும் ஓடிவிடாது. செக்குவோர் போன்ற டெபோனன்ட்கள் இரண்டாம் வேற்றுமையில் செயப்படுபொருளை ஏற்கும். நம் படு வினைகள் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையோடு நிற்பவை: அவருக்குப் பயப்பட்டான், பணத்துக்கு ஆசைப்பட்டான். இன்னொன்று: லத்தீன் டெபோனன்டுக்குப் பிறவினை தர வழி இல்லை, தமிழில் படு இருக்கும் பல இடங்களில் படுத்து வரலாம். பயப்படு, பயப்படுத்து, துன்பப்படு, துன்பப்படுத்து.

அப்படி வந்த பிறவினையைத் திரும்பவும் செயப்பாட்டாக்குவதற்குத் தமிழ் இன்னொரு படுவைக் கொண்டுவருகிறது. தோல் ஏற்றுமதி பற்றிய எந்த அறிக்கையிலும் ‘பதப்படுத்தப்பட்ட தோல்’ என்ற தொடர் இருக்கும். பதம் என்ற பெயரோடு சேர்ந்த முதல் படு, தோல் தானே அடையும் நிலையைச் சொல்லும் டெபோனன்ட் வகை. அதன்மேல் ஏறிய ‘த்து’ பிறவினை. இப்போது தொழிலாளி உள்ளே வந்துவிட்டார். கடைசியில் நிற்கும் ‘பட்ட’ அசல் செயப்பாட்டு. அது அவரை மறுபடியும் வெளியே அனுப்பிவிட்டுத் தோலை முன்னால் நிறுத்துகிறது.